கேள்வியை எழுதுவது யார்? தாமிரபரணிக் கரையில் வடிவமைப்புச் சிந்தனை

பாபநாசத்தில் தாமிரபரணியில் முங்கிக் குளித்து எழுபவர்களில் பலர் உடுத்தியிருந்த துணியை ஆற்றிலேயே விட்டுவிட்டுப் போகிறார்கள். திதி கொடுக்க வந்தவர்கள், தோஷம் கழிக்க வந்தவர்கள், குற்றாலம் பார்த்துவிட்டு அப்படியே இங்கும் ஒரு குளியல் போட வந்தவர்கள் என எல்லா வகையினரும் இதில் உண்டு. முன்பு பருத்தி வேட்டியாக இருந்தது; இப்போது பெரும்பாலும் பாலியெஸ்டர். அது மக்குவதில்லை. பாறை இடுக்கில் சிக்கியும் மணலுக்குள் புதைந்தும் கிடந்து, மீனுக்கும் நீர்நாய்க்கும் தண்ணீரில் இறங்குகிறவர் காலுக்கும் கண்ணியாகிறது. எச்சரிக்கைப் பலகை வைத்தாயிற்று, தடை போட்டாயிற்று, தன்னார்வலர்கள் இறங்கி மூட்டை மூட்டையாக அள்ளியும் ஆயிற்று. வழக்கம் நிற்கவில்லை.

பலகை வைத்தவர் தமக்குள் எழுதிக்கொண்ட கேள்வி, 'மக்களை எப்படித் தடுப்பது?' என்பது. அதே படித்துறையில் ஒரு பகல் முழுக்க உட்கார்ந்து பார்க்கிறவருக்கு வேறு கேள்விகள் கிடைக்கும். ஈரத்துணியை எதில் வைத்து பஸ்ஸில் கொண்டுபோவது? பெண்கள் உடை மாற்ற மறைவிடம் எங்கே? துணியை விட வேண்டும் என்று சொன்னது யார்: வீட்டுப் பெரியவரா, சடங்கு செய்து வைத்தவரா, பக்கத்தில் குளித்த முன்பின் தெரியாத ஆளா? எல்லாவற்றுக்கும் மேலாக, ஆற்றில் விடுவது முக்கியமா, விட்டுவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போவது முக்கியமா? பின்னதுதான் என்றால், விடுகிற இடம் ஆறாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. அந்த நிமிடத்தில் பிரச்சினையின் முகமே மாறுகிறது.

இப்படிக் கேள்வியை மாற்றி எழுதக் கற்பிப்பதாகச் சொல்லும் முறைதான் வடிவமைப்புச் சிந்தனை. பொறியியல் கல்லூரிகளிலும் மேலாண்மை வகுப்புகளிலும் இப்போது அரசுப் பள்ளிகளிலும் இது பாடமாகியிருக்கிறது. இந்த முறை எங்கிருந்து வந்தது, அதன் வாக்குறுதிகளில் எவை ஆய்வில் நிற்கின்றன, இந்த ஆற்றுப் படுகையில் நடந்தவற்றோடு வைத்துப் பார்த்தால் எது தேறுகிறது, எது தேறவில்லை என்று பார்ப்பதே இக்கட்டுரையின் வேலை.

முறை வந்த வழி

1969ல் அமெரிக்க அறிஞர் ஹெர்பர்ட் சைமன், இருக்கிற நிலையை விரும்புகிற நிலையாக மாற்ற வழி தேடும் எவரும் வடிவமைப்பாளரே என்று வாதிட்டார். மருந்து எழுதும் மருத்துவர், வரவுசெலவுத் திட்டம் போடும் அதிகாரி எல்லோரும் இதற்குள் வந்துவிடுகிறார்கள். 1973ல் பெர்க்லியில் இருந்த ஹார்ஸ்ட் ரிட்டலும் மெல்வின் வெப்பரும் அந்த நம்பிக்கைக்கு ஒரு கடிவாளம் போட்டார்கள். நகரத் திட்டமிடல் போன்ற துறைகளில் வரும் பிரச்சினைகள் கணக்குப் பாடத்துப் பிரச்சினைகள் போன்றவை அல்ல என்றார்கள். அவற்றை வரையறுப்பதே சர்ச்சைக்குரியது. சரி, தவறு என்று விடை கிடையாது, மேல், மோசம் என்றுதான் உண்டு. ஒவ்வொரு முயற்சியும் அழிக்க முடியாத தடத்தை விட்டுப்போகும். இவற்றை முரண்டு பிடிக்கும் பிரச்சினைகள் என்று சொல்லலாம்.

1987ல் கட்டடக் கலை அறிஞர் பீட்டர் ரோ 'வடிவமைப்புச் சிந்தனை' என்பதையே தலைப்பாக வைத்து நூல் எழுதினார். 1991ல் ஐடியோ என்ற வடிவமைப்பு ஆலோசனை நிறுவனம் உருவானது. 2005 வாக்கில் ஸ்டான்ஃபோர்டில் எஸ்ஏபி மென்பொருள் நிறுவனத்தின் நிறுவனர்களில் ஒருவரான ஹாஸோ பிளாட்னரின் பணத்தில் வடிவமைப்புப் பள்ளி வந்தது. 2007ல் ஜெர்மனியின் போட்ஸ்டாமில் இன்னொன்று. பயன்படுத்துகிறவரோடு இருந்து பார்ப்பது, பிரச்சினையை வரையறுப்பது, யோசனைகளைப் பெருக்குவது, மாதிரி செய்வது, சோதிப்பது என்ற ஐந்து படிகள் உலகம் சுற்றியது அதன் பிறகுதான்.

நம் நாட்டுக்கு இது அதற்கும் முன்பே வேறு வழியில் வந்திருந்தது. 1958ல் இந்திய அரசின் அழைப்பில் வந்த சார்லஸ், ரே ஈம்ஸ் தம்பதி எழுதிய அறிக்கைதான் அகமதாபாத் தேசிய வடிவமைப்பு நிறுவனத்துக்கு 1961ல் வித்திட்டது. அவர்கள் இந்தியாவில் பார்த்து அதிகம் வியந்த பொருள் செம்பு. இடுப்பில் எப்படி உட்காரும், தண்ணீர் ஊற்றும்போது எப்படிச் சாயும், கழுவ எப்படி, விலை என்ன என்று அவர்கள் அடுக்கிய கேள்விகள் இன்றைய பாடப்புத்தகங்களில் உள்ளவற்றைவிடக் கூர்மையானவை. செம்பைத் தனி ஒருவர் வடிவமைக்கவில்லை. பல தலைமுறைப் பல கைகள் திருத்தித் திருத்தி வந்த வடிவம் அது. இந்தக் குறிப்பைப் பின்னால் வந்த ஐந்து நாள் பயிலரங்குகள் வசதியாக மறந்துவிட்டன.

முரண்டு பிடிக்கும் ஆறு

ரிட்டலின் பட்டியலுக்கு உதாரணம் தேடி வெளியே போக வேண்டியதில்லை. பொதிகையில் பிறந்து புன்னைக்காயலில் கடல் சேரும் தாமிரபரணி சுமார் 125 கிலோமீட்டர்தான் ஓடுகிறது. அதற்குள் கோடைமேலழகியான் தொடங்கி ஸ்ரீவைகுண்டம் வரை எட்டு அணைக்கட்டுகள். அவற்றிலிருந்து பதினொரு கால்வாய்கள். சுமார் 86,000 ஏக்கர் பாசனம். எட்டில் ஏழு பழங்காலத்தவை. ஸ்ரீவைகுண்டம் மட்டும் பத்தொன்பதாம் நூற்றாண்டில் வெள்ளைக்காரர் காலத்தில் கட்டியது. கார் பருவ நெல்லுக்குத் தண்ணீர் எப்போது திறப்பது, அடுத்து வரும் பிசானப் பருவத்துக்கு எவ்வளவு மிச்சம் வைப்பது என்பது மேல்மடைக்காரருக்கு ஒரு கணக்கு, மருதூர் மேலக்கால் கீழக்கால் கடைமடைக்காரருக்கு வேறு கணக்கு. இவற்றின் மேல் பல நகரங்களின் குடிநீர்த் திட்டங்கள், தூத்துக்குடித் தொழிற்சாலைகளின் தேவை, கரையோர ஊர்களின் சாக்கடை, மணல், படித்துறைச் சடங்குகள் எல்லாம் வந்து உட்காருகின்றன. 2024 நவம்பரில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளையின் நீதிபதிகள் இருவர் வழக்குக் கட்டுகளை வைத்துவிட்டு நேரில் வந்து கரையைப் பார்த்தார்கள் என்பதே, காகிதத்தில் இது அடங்குகிற விஷயம் இல்லை என்பதற்குச் சாட்சி.

அந்தப் பதினொரு கால்வாய்களில் ஒன்றான கன்னடியன் கால்வாய் பற்றி இங்கே ஒரு கதை உண்டு. கால்வாயை எந்த வழியில் வெட்டுவது என்று தெரியாமல் நின்ற கன்னட பிரம்மச்சாரிக்கு அகத்தியர் சொன்ன யோசனை: ஒரு பசுவை நடக்க விடு, அது போகிற வழியில் கால்வாய் வெட்டு, கோமியம் விட்ட இடத்தில் மடை வை, படுத்த இடத்தில் குளம் வெட்டு. கதை கதைதான். ஆனாலும் மேய்ச்சல் மாடு மேட்டில் ஏறி இறங்காமல் சரிவின் ஓரமாகவே நடக்கும் என்பதைக் கவனித்த யாரோ ஒருவர் இந்தக் கதைக்குள் இருக்கிறார் என்று எனக்குத் தோன்றும்.

ஒரே மனிதர், நான்கு கேள்விகள்

வடிவமைப்புச் சிந்தனைக்குப் பாடநூல்கள் தரும் உதாரணங்களில் ஒன்று எம்ப்ரேஸ். 2007ல் ஸ்டான்ஃபோர்டு மாணவர் குழு ஒன்றிடம், குழந்தைகளுக்கான இன்குபேட்டரை மிகக் குறைந்த விலையில் செய்யச் சொன்னார்கள். நேபாளத்துக்குப் போய்ப் பார்த்தபோது மருத்துவமனையில் இன்குபேட்டர்கள் சும்மா கிடந்தன. குறைப்பிரசவக் குழந்தைகள் கிராமத்திலிருந்து அங்கே வந்து சேரவே இல்லை. மின்சாரம் தொடர்ந்து தேவைப்படாத, மெழுகு போன்ற பொருளால் சூடு காக்கும் சிறிய உறை அங்கே பிறந்தது. நல்ல கதை. இதைவிட நல்ல கதை நம் பக்கத்தில் இருக்கிறது. அதை யாரும் அந்தப் பெயரில் சொல்வதில்லை.

கோவிந்தப்ப வெங்கடசாமி 1918ல் வடமலாபுரத்தில் பிறந்தவர். அன்று அது திருநெல்வேலி மாவட்டம். முடக்குவாதம் விரல்களை வளைத்துவிட்ட பிறகு, அந்த விரல்களாலேயே கண் அறுவை செய்யப் பழகியவர். அரசுப் பணியில் ஓய்வு பெற்று 1976ல் மதுரையில் பதினொரு படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். திருநெல்வேலி மருத்துவமனை 1988ல் வந்தது.

அவருடைய முதல் கேள்வி, 'இத்தனை கண்புரை நோயாளிகளுக்கு டாக்டர் எங்கே?' என்பது. அதை அவர், 'டாக்டர் மட்டுமே செய்யக்கூடிய வேலை எது?' என்று மாற்றினார். மற்ற வேலைகளெல்லாம் கிராமத்திலிருந்து வந்து பயிற்சி பெற்ற பெண்களிடம் போயின. அறுவை அரங்கில் ஒரு மேஜையில் வேலை நடக்கும்போதே அடுத்த மேஜையில் அடுத்த நோயாளி தயாராக இருப்பார்; டாக்டர் திரும்பி உட்கார்ந்தால் போதும்.

இரண்டாவது கேள்விதான் எனக்கு மிகவும் பிடித்தது. முகாம் இலவசம், அறுவை இலவசம். பிறகும் கண் தெரியாதவர்கள் ஏன் வரவில்லை? 'விழிப்புணர்வு இல்லை' என்று எழுதி முடித்திருக்கலாம். நம் அலுவலக அறிக்கைகளில் பாதி அப்படித்தான் முடிகின்றன. இங்கே போய்க் கேட்டார்கள். பஸ் காசு, சாப்பாடு, கூட வர ஆள், அந்த ஆளுக்குப் போகும் கூலி, கத்தி மேல் பயம், 'இந்த வயசில் இது போதும்' என்ற சலிப்பு என்று பதில்கள் வந்தன. அதோடும் நிற்கவில்லை. தென்தமிழகக் கிராமங்களில் எட்டு விதமான வழிகளைச் சோதித்து ஒப்பிட்ட ஆய்வு 1991ல் வெளிவந்தது. செலவில் ஒரு பகுதியை ஏற்பதற்கும் முழுச் செலவையும் ஏற்பதற்கும் வித்தியாசம் தெரிந்தது. அறுவை செய்துகொண்டு பார்வை பெற்ற ஒருவரே வீடு வீடாகப் போய்ப் பேசியதும் நன்றாக எடுபட்டது. ஓர் ஊர்க்காரர்களைச் சேர்த்து வண்டியில் ஏற்றி, சாப்பாடு போட்டு, அறுவை முடிந்து சேர்த்தே திருப்பி அனுப்பும் வழக்கம் இப்படிப்பட்ட கேள்விகளிலிருந்து வந்தது. பக்கத்துக் கட்டிலில் தெரிந்த முகம் இருந்தால் பயம் பாதியாகும் என்பதைக் கண்டுபிடிக்க மேலைநாட்டு முறை எதுவும் தேவைப்படவில்லை.

மூன்றாவது, கண்ணுக்குள் வைக்கும் வில்லை. இறக்குமதி வில்லை நூறு டாலர் அளவில் விற்றது. ஏழை நோயாளிக்குத் தடித்த கண்ணாடிதான் கதி. நன்கொடை வில்லைகளை எதிர்பார்த்து நிற்பதை விட்டுவிட்டு, 1992ல் ஆரோலேப் என்ற சொந்தத் தயாரிப்பு நிறுவனத்தைத் தொடங்கி வில்லையின் விலையைப் பத்து டாலர் அளவுக்குக் கொண்டுவந்தார்கள்.

நான்காவது கேள்வி அவர்களுக்கே கசப்பானது. 1999ல் வெளிவந்த இன்னோர் ஆய்வு, தமிழ்நாட்டுக் கிராமங்களில் கண் பிரச்சினை உள்ளவர்களில் நூற்றுக்கு ஏழு பேர் அளவில்தான் முகாமுக்கு வருகிறார்கள் என்று காட்டியது. கால் நூற்றாண்டாகப் பெருமை தேடித்தந்த முகாம்! அந்தக் கணக்கை மேஜை டிராயரில் பூட்டவில்லை. சிற்றூர்களில் நிரந்தரப் பார்வை மையங்கள், அங்கிருந்து டாக்டரோடு வீடியோவில் பேசும் வசதி என்று அடுத்த ஏற்பாடு 2000க்குப் பின் உருவானது.

இதில் வடிவமைப்புச் சிந்தனையின் ஐந்து படிகளும் இருக்கின்றன. ஆனால் ஐந்து நாளில் முடியவில்லை, முப்பது ஆண்டு பிடித்தது. கேள்வி ஒரு முறை மாறவில்லை, நான்கு முறை மாறியது. இரண்டாவது, நான்காவது முறைகளில் மாற்றத்துக்குப் பின்னால் ஒரு கணக்கெடுப்பு இருந்தது. 'பயனாளியின் இடத்தில் நின்று உணர்வது' என்று பயிலரங்குகளில் நிறையப் பேசுகிறோம். எண்ணிப் பார்ப்பதைப் பற்றி யாரும் பேசுவதில்லை. உணர்வு கேள்வியைக் கிளப்பும். கேள்வி தவறு என்று சொல்ல எண்ணிக்கைதான் வேண்டும்.

குழு என்னும் நம்பிக்கை

குழுவாக உட்கார்ந்து யோசனைகளைக் கொட்டினால் புதுமை பிறக்கும் என்பது இந்த முறையின் ஆதார நம்பிக்கை. விளம்பரத் துறையைச் சேர்ந்த அலெக்ஸ் ஆஸ்பார்ன் 1940களில் பரப்பியது அது. 1958லேயே யேல் பல்கலைக்கழகத்தில் சோதித்தார்கள்: நால்வர் சேர்ந்து யோசித்த குழுவைவிட, நால்வர் தனித்தனியே யோசித்துப் பட்டியல்களைச் சேர்த்தபோது யோசனைகள் அதிகம் கிடைத்தன. 1987ல் டீல், ஷ்ட்ரோபே என்ற ஜெர்மானிய ஆய்வாளர்கள் காரணம் கண்டார்கள்: ஒருவர் பேசும்போது மற்றவர்கள் காத்திருக்க வேண்டியிருக்கிறது; காத்திருப்பதற்குள் யோசனை போய்விடுகிறது. ஆகவே முதலில் தனியே எழுது, பிறகு சேர்ந்து பேசு. எளிய திருத்தம், அதைச் செய்கிற பயிலரங்குகள் குறைவு.

1991ல் ஜான்சன், ஸ்மித் இருவரும் இன்னொன்றைக் காட்டினார்கள். பொறியாளர்களிடம் ஒரு மாதிரி வடிவத்தைக் காட்டிவிட்டுப் புதிதாக யோசிக்கச் சொன்னால், அந்த மாதிரியின் குறைகளையும் சேர்த்தே நகலெடுக்கிறார்கள். நம் பள்ளிக் கண்காட்சிகளில் கைநீட்டினால் தானே வாய் திறக்கும் குப்பைத்தொட்டி ஆண்டுதோறும் வந்து நிற்பதற்கும், கல்லூரிப் போட்டிகளில் எல்லாப் பிரச்சினைக்கும் ஓர் ஆப் விடையாவதற்கும் இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. மருந்தும் தெரியும்: 2010ல் ஸ்டீவன் டவ் குழுவின் சோதனையில், ஒரே மாதிரியைத் திருத்தித் திருத்திக் கொண்டுபோனவர்களைவிட, பல மாதிரிகளை ஒரே நேரத்தில் செய்து ஒப்பிட்டவர்கள் நல்ல முடிவுக்கு வந்தார்கள்.

குழுவின் உள்ளே என்ன நடக்கிறது என்பது இன்னும் முக்கியம். 2010ல் அனிடா வூலியும் கூட்டாளிகளும் வெளியிட்ட ஆய்வில், குழுவின் திறமை அதில் உள்ளவர்களின் சராசரி அறிவுக்கூர்மையைப் பெரிதும் சார்ந்திருக்கவில்லை. எல்லோரும் ஏறக்குறைய சமமாகப் பேசுவதும், மற்றவர் முகக்குறிப்பை உணர்வதும், பெண்கள் அதிகம் இருப்பதும் கூடவே வந்தன. பிற்காலத்தில் இந்த முடிவின் வலு பற்றி விவாதம் எழுந்தாலும், சமமாகப் பேசுவது பற்றிய பகுதியை வகுப்பறையில் இருந்த எவரும் நம்புவார்கள். ஏமி எட்மன்ட்சன் மருத்துவமனைகளில் கண்டதும் இதையொட்டியது: நல்ல குழுக்களில்தான் தவறுகள் அதிகம் பதிவாகின. அங்கே தவறு அதிகம் நடக்கவில்லை, சொல்லப் பயமில்லை.

நம் ஊரில் இதற்கு ஒரு தனிச் சிக்கல் உண்டு. நால்வர் குழுவில் ஒருவர் செய்வார், ஒருவர் பேசுவார், மற்ற இருவர் கையெழுத்துப் போடுவார்கள். ஊர்க் கூட்டமாக இருந்தால், 'அண்ணாச்சி சொல்லிட்டாவல்லா' என்ற ஒரு வாக்கியத்தோடு விவாதம் முடியும். வயது, சாதி, பதவி, ஆண் பெண் எல்லாம் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கும் கூட்டத்தில் மஞ்சள் ஒட்டுக்காகிதம் கொடுத்தால் சமத்துவம் வந்துவிடாது. பெயர் போடாமல் எழுதி வாங்குவது, இளையவரை முதலில் பேசவிடுவது, மடை திறக்கும் ஆளைத் தனியே அவர் மடையிலேயே போய்ப் பார்ப்பது போன்ற வேலைகளுக்கு இங்கே நேரம் ஒதுக்கியாக வேண்டும். அமெரிக்கப் பாடத்திட்டத்தில் இதற்கு ஓர் அத்தியாயம் இல்லை; ஏனென்றால் அங்கே எழுதியவர்களுக்கு இந்தத் தொல்லை இந்த அளவுக்கு இல்லை.

சொரிமுத்து அய்யனார் கோயில் ஆடி அமாவாசை, சமமில்லாதவர்கள் சேர்ந்து ஒரு சிக்கலைக் கையாள வேண்டிவந்த இடம். களக்காடு முண்டந்துறைப் புலிகள் காப்பகத்தின் உள்ளே, காரையாறு பக்கம், லட்சக்கணக்கில் மக்கள் கூடும் விழா. குடில் போட்டுக் குடும்பத்தோடு பல நாள் தங்கி, ஆற்றில் குளித்து, பொங்கி, நேர்ச்சை செலுத்துவார்கள். வனத்துறைக்கு இது காடு; வருகிறவருக்குக் குலதெய்வம்; சிங்கம்பட்டி ஜமீனுக்கு வழிவழி உரிமை; போக்குவரத்துக் கழகத்துக்கும் போலீசுக்கும் கூட்டம்; கடைக்காரருக்கு ஆண்டு வருமானம். மணிமுத்தாறில் இருந்து இயங்கும் ஏட்ரீ என்ற சூழலியல் ஆய்வு அமைப்பின் அகத்தியமலை மக்கள்சார் பாதுகாப்பு மையம், ஆண்டாண்டாக இந்தத் திருவிழாவைக் கவனித்துப் பதிந்துவந்தது. 'கூட்டத்தைத் தடு' என்ற கேள்வி, 'எத்தனை வண்டி, எத்தனை நாள், எவ்வளவு பிளாஸ்டிக்?' என்று உடைந்தது அப்படித்தான். இப்போது தனியார் வண்டிகள் அகஸ்தியர்பட்டியோடு நிற்கின்றன, மேலே அரசு பஸ். சோதனைச் சாவடியில் பிளாஸ்டிக்கைப் பறிக்கிறார்கள். தங்கும் நாட்கள் குறைந்துவிட்டன. கெடுபிடி அதிகம் என்ற குறை ஒவ்வோர் ஆடியிலும் எழுகிறது. அந்தக் குறையில் நியாயமும் உண்டு. நேர்ச்சைக்கு வருகிறவர்களுக்கு இந்த ஏற்பாட்டை வரைந்த மேஜையில் எவ்வளவு இடம் கிடைத்தது என்ற கேள்வியை நான் திறந்தே வைக்கிறேன்.

சோதித்துப் பார்க்கக் கூடியதும் கூடாததும்

வடிவமைப்புச் சிந்தனை, சீக்கிரம் மாதிரி செய், சீக்கிரம் தோற்றுக் கற்றுக்கொள் என்கிறது. ரிட்டல், முரண்டு பிடிக்கும் பிரச்சினைகளில் சோதனை முயற்சி என்பதே கிடையாது, செய்தால் செய்ததுதான் என்கிறார். இரண்டையும் ஒரே பாடத்தில் பக்கத்துப் பக்கத்துப் பக்கங்களில் வைத்துக் கற்பிக்கிறார்கள். முரண்பாடு கண்ணில் படுவதாகத் தெரியவில்லை.

இந்தப் பகுதியிலிருந்தே இரண்டு உதாரணம். 2015ல் திருநெல்வேலி மாநகராட்சி குப்பையை வீட்டிலேயே பிரிக்கச் சொன்னபோது, பிளாஸ்டிக் போன்ற மக்காத குப்பையைப் புதன்கிழமை மட்டும் வாங்குவது என்று வைத்தது. இரண்டு நிறத்தொட்டி, எது எதில் என்ற பாடம், அபராதம் என்று தொடங்காமல், கிழமையை வைத்தே வேலையைப் பிரித்தார்கள். வெள்ளி செவ்வாய் பார்க்கிற ஊரில் புதன் மனதில் நிற்காதா? இது சரிவராவிட்டால் அடுத்த மாதம் வியாழனுக்கு மாற்றலாம், பெரிய நட்டமில்லை. மாதிரி செய்து பார்ப்பதற்கு ஏற்ற பிரச்சினை இதுதான்.

மற்றொன்று, கன்னடியன் கால்வாயிலிருந்து வெள்ளநீரைக் கருமேனியாறு, நம்பியாறு வழியாகச் சாத்தான்குளம், திசையன்விளைப் பக்கத்து வறண்ட நிலங்களுக்குக் கொண்டுபோகும் இணைப்புத் திட்டம். 2009ல் தொடங்கி, எழுபது கிலோமீட்டருக்கும் மேல் வெட்டி, 2025 பிப்ரவரியில்தான் திறப்பு விழா கண்டது. இதற்கு மாதிரி எது? வெட்டிய கால்வாயை மூடிவிட்டு வேறு வழியில் வெட்ட முடியுமா? நடுவில் 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டி, எல்லாக் கணக்கையும் புரட்டிப் போட்டது. இப்படிப்பட்ட வேலைக்கு வேண்டியவை நீரியல், நில அளவை, சட்டம், பாசன சங்கங்களோடு நீண்ட பேச்சு. வடிவமைப்புச் சிந்தனைக்கு இங்கே வேலையே இல்லை என்று சொல்ல மாட்டேன்: மதகு எப்போது திறக்கும் என்ற செய்தி கடைமடைக்காரருக்கு எப்படிப் போய்ச் சேர்கிறது என்பது போன்ற ஓரங்களில் அது உதவும். நடுவில் அல்ல.

பத்தமடையில் இந்த முறையின் இன்னொரு பலவீனம் தெரிகிறது. தாமிரபரணிக் கரைக் கோரையை மெல்லிசாகக் கீறி, ஓடும் தண்ணீரில் பல நாள் ஊறவைத்து நெய்யும் பட்டுப்பாய்க்குப் புவிசார் குறியீடு இருக்கிறது. உலகத் தலைவர்களுக்குப் பரிசாகப் போன பெருமையும் இருக்கிறது. வடிவமைப்பு மாணவர்கள் வருவார்கள், நெசவாளப் பெண்களோடு உட்காருவார்கள், கைப்பை, கோப்பு உறை, மேஜை விரிப்பு என்று புதுப்பொருள்களோடு திரும்புவார்கள். அவற்றில் சில நன்றாகவே விற்கின்றன. ஆனால் நெய்கிறவர் கேட்பது வேறு: இத்தனை நாள் உழைப்புக்கு இந்தக் கூலி போதுமா, என் மகள் ஏன் இதற்கு வர வேண்டும்? புதுப்பொருள் கண்டுபிடிக்கப் பழகியவர் கையில் எல்லாப் பிரச்சினையும் பொருள் பற்றாக்குறையாகவே தெரியும். 2011 தொட்டு புரூஸ் நஸ்பாம், லூசி கிம்பெல், நடாஷா ஜென் போன்றவர்கள் வடிவமைப்புச் சிந்தனை மீது வைத்த விமர்சனங்களின் சாரமும் ஏறக்குறைய இதுவே: கைவேலையின் நுட்பமும் விமர்சனமும் போய், படிகள் மட்டும் மிஞ்சின. 1999ல் அமெரிக்கத் தொலைக்காட்சியில் ஐந்து நாளில் கடைத் தள்ளுவண்டியைப் புதிதாக வடிவமைத்துக் காட்டிப் புகழ்பெற்ற ஐடியோ, 2023ல் ஊழியர்களில் மூன்றில் ஒரு பங்கினரைக் குறைத்தது. அந்த வண்டி கடைகளில் பரவவே இல்லை.

கற்கும் இடங்கள்

2016 முதல் மத்திய அரசின் அடல் ஆய்வகங்கள் பள்ளிகளுக்கு வந்தன. தமிழ்நாட்டில் தொழில்முனைவோர் மேம்பாடு மற்றும் புத்தாக்க நிறுவனம் யுனிசெஃபோடு சேர்ந்து நடத்தும் பள்ளிப் புத்தாக்க மேம்பாட்டுத் திட்டம், அரசுப் பள்ளி மாணவர்களுக்கு வடிவமைப்புச் சிந்தனையைக் கற்பித்துக் குழுவாக யோசனைகளை வாங்குகிறது. கல்லூரி மாணவர்களுக்கு 2017 முதல் ஸ்மார்ட் இந்தியா ஹேக்கத்தான். அதன் மென்பொருள் பிரிவின் இறுதிச் சுற்று 36 மணி நேரம். இவற்றால் ஒரு நல்லது நிச்சயம் நடந்திருக்கிறது. ஊர்ப் பள்ளியில் படிக்கும் பிள்ளை, தன் தெருவின் பிரச்சினையும் ஆய்வுக்குரியதுதான் என்று முதன்முறையாகக் கேள்விப்படுகிறது. அதைக் குறைத்து மதிப்பிடக் கூடாது. ஆனால் போட்டியின் காலக்கெடு கேள்வியைத் திருத்துகிறவருக்குத் தண்டனை கொடுக்கிறது. முதல் கேள்வியை இறுகப் பிடித்துக்கொண்டு அழகான மாதிரி செய்பவருக்குப் பரிசு. கேள்வியே தவறு என்று நான்காவது வாரத்தில் கண்டுபிடித்தவருக்கு மேடை இல்லை.

இதற்கு நேர்மாறான ஏற்பாடு, சிற்றாற்றுப் பக்கம் தென்காசிக்கு அருகில் மத்தளம்பாறையில் இருக்கிறது. 2005ல் சென்னையில் தொடங்கிய ஜோஹோவின் கற்றல் பள்ளி, பிளஸ் டூ முடித்தவர்களை உதவித்தொகை கொடுத்துச் சேர்த்து, பட்டம் எதுவும் தராமல், உண்மையான மென்பொருள் வேலைக்குள் நேராக இறக்கிவிடுகிறது. வடிவமைப்புக்கும் தனிப் பிரிவு உண்டு. நிறுவனத்தின் தேவைக்காக நடக்கும் பள்ளி என்பதால் எல்லாவற்றுக்கும் அது முன்மாதிரி ஆகாது. ஆனாலும் செய்ததன் விளைவோடு மாணவர் நீண்ட நாள் வாழ வேண்டியிருக்கிறது என்ற ஒரு விஷயம் அங்கே சரியாக இருக்கிறது.

ஆற்றுப் பக்கம் இதற்கு நிகரான தொடர்ச்சி உள்ள முயற்சி ஒன்று உண்டு: 2011 முதல் ஜனவரியில் நடக்கும் தாமிரபரணி நீர்ப்பறவைகள் கணக்கெடுப்பு. மாணவர்கள், ஆசிரியர்கள், ஊர்க்காரர்கள் என்று கலந்த குழுக்கள்; பழகியவரோடு புதியவர்; அதே குளங்கள், அதே முறை. எந்தப் புதுமைப் போட்டியிலும் இது பரிசு வாங்காது. எந்தக் குளத்தில் எது குறைந்தது என்று கேட்க இந்தப் படுகையில் ஆதாரம் இருக்கிறது என்றால் அதற்கு இந்த அலுப்பான வேலையும் ஒரு காரணம்.

கல்லூரிகள் இதிலிருந்து எடுத்துக்கொள்ளக் கூடியது எளிது. ஒரு துறை ஒரு குளத்தையோ ஒரு படித்துறையையோ ஒரு தெருவையோ பத்து ஆண்டுக்குத் தத்தெடுக்கலாம். முதல் ஆண்டுக் குழுவிடம் மாதிரி கேட்கக் கூடாது. எண்ணிக்கையும், இருபது பேரிடம் கேட்டெழுதிய பேச்சும், தவறென்று கைவிட்ட மூன்று கேள்விகளும் போதும். இரண்டாம் குழு அந்த நோட்டைப் படித்துவிட்டு அதே ஆட்களிடம் திரும்பப் போய், முன்பு வந்தவர்கள் சரியாக எழுதியிருக்கிறார்களா என்று கேட்க வேண்டும். மூன்றாம் குழு இரண்டு மூன்று மாதிரிகளை ஒன்றாக வைத்துப் பார்க்கட்டும். அவற்றில் எதை யார் எடுத்து நடத்துவார், பஞ்சாயத்தா, கோயிலா, மகளிர் குழுவா என்ற பெயர் இல்லாமல் மதிப்பெண் கிடையாது. இதற்குத் தனி ஆய்வகமோ வெளிநாட்டுச் சான்றிதழோ வேண்டாம். நோட்டு, பஸ் காசு, கைவிட்ட கேள்விக்கும் மதிப்பெண் தரும் தேர்வு விதி ஆகியவை போதும். முதல் இரண்டையும் ஒரு துறைத்தலைவர் இந்தப் பருவத்திலேயே ஏற்பாடு செய்துவிடலாம். மூன்றாவதற்குப் பாடத்திட்டக் குழுவில் ஒரு கூட்டம் போட்டாக வேண்டும்.